நடுக் குழாயின் சூடு

ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடங்களாக என் கை குளிரைத் தேடிப் பழகியது. வவுனியாவில் ஐஸ் தொழிற்சாலை, கட்டாரில் ஏசி, மாலைதீவில் ஒரு ஹோட்டலின் மீன் அறை, பிறகு கொழும்பு. எந்த இடத்திலும் இரண்டு வருடம் முழுதாக இருந்ததில்லை. சில இடங்களில் வேலை முடிந்தது, சில இடங்களில் சம்பளம் வரவில்லை, சில இடங்களில் எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. எங்கே போனாலும் முதலில் செய்வது ஒன்றுதான். கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் செப்புக் குழாயைப் பிடித்துப் பார்ப்பேன். குளிர்ந்து வியர்த்திருந்தால் எல்லாம் நல்லது. சூடாக இருந்தால் எங்கோ பிழை. மீற்றரை எடுப்பதற்கு முன்பே கை சொல்லிவிடும்.

அந்தக் கை ஒரு டிசெம்பரில் என்னை இரண்டு கிழமை பிழையான பக்கம் கூட்டிக்கொண்டு போனது.

அப்போது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் மேல்மாடி அறையில் இருந்தேன். ரயில் போகும்போது மேசையில் இருக்கும் தேத்தண்ணீர்க் கோப்பை நடுங்கும். தொடர்மாடி வீடுகளுக்கு ஏசி கழுவுவது வேலை. அங்கேயே ஒரு சின்ன நேர்சிங் ஹோமுக்கும் நான்தான் ஏசி பார்த்தேன். அதன் துணிகளுக்குப் பொறுப்பான தாதி, எல்லாரும் மிஸ் என்றே கூப்பிடும் யாழ்ப்பாணத்துப் பெண், ஒரு நாள் என்னை நிறுத்திக் கேட்டார்.

"உங்களுக்குச் சுடுதண்ணி மெஷினும் தெரியுமோ?"

"குளிர் மெஷின் தெரியும், மிஸ். சுடுதண்ணியும் அதுதானே, மற்றப் பக்கமாத் திருப்பினா."

"அப்ப கொட்டாஞ்சேனைக்கு ஒருக்காப் போங்கோ. எங்கட பெட்ஷீற் தோய்க்கிற லோன்றியிலே ஒரு மெஷின் வாங்கி வச்சிருக்கினம். ஒருத்தருக்கும் ஓட்டத் தெரியாதாம்."

இரண்டு பஸ் மாறிப் போனேன். லோன்றி, கொட்டாஞ்சேனைக்கும் கொச்சிக்கடைக்கும் நடுவே, ஒரு ஆட்டோ மட்டும் நுழையக்கூடிய ஒழுங்கையில் இருந்தது. கீழே இரண்டு பெரிய தோய்க்கும் மெஷின், ஒரு உருளை அயன். மேலே மொட்டைமாடி முழுக்கத் துணி காயப்போடும் கொடிகள். அங்கே நின்றால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். நடத்துபவர் ஐம்பது வயதுள்ள ஒரு அக்கா, கத்தோலிக்கர். அவரோடு நாலு பெண்கள் வேலை செய்தார்கள்.

முன்பு டீசல் கொதிகலன் இருந்ததாம். டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் அது நின்று போனது. கொஞ்ச நாள் விறகு எரித்தார். பக்கத்து வீட்டு வெள்ளைச் சுவரெல்லாம் கரியானதில் ஒழுங்கையோடு சண்டை. அதன் பிறகுதான் வெளிநாட்டில் பாவித்துக் கழித்த இந்த மெஷினை ஒரு இறக்குமதிக்காரரிடம் வாங்கியிருந்தார்.

வீட்டு ஏசி அறையின் சூட்டை எடுத்து வெளியே தள்ளும். இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளும். காற்றிலிருந்து எண்பது பாகைத் தண்ணீர் வரைக்கும் ஒரே கம்ப்ரசர் ஏறுவதென்றால் அதற்கு மூச்சு முட்டும். அதனால் உள்ளே இரண்டு கம்ப்ரசர், இரண்டு விதமான கேஸ். முதலாவது காற்றிலிருந்து சூட்டை எடுத்துப் பாதி உயரத்துக்குக் கொண்டுவந்து, நடுவில் உள்ள உருக்குத் தகட்டுப் பெட்டியில் இறக்கி வைக்கும். இரண்டாவது அங்கிருந்து அதைத் தூக்கித் தண்ணீரிடம் கொடுக்கும். இரண்டு கேஸும் பெட்டிக்குள் தகட்டின் இரு பக்கமும் ஓடும், ஒன்றோடொன்று கலக்காது. ஒவ்வொரு கம்ப்ரசரின் வேகத்தையும் தனித்தனியாக, முப்பதிலிருந்து தொண்ணூறு வரை கூட்டிக் குறைக்கலாம். அயன் பண்ணும் பெண் முதல் நாளே அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டாள், முதலாவது கீழாள், இரண்டாவது மேலாள் என்று.

அக்காவின் கஷ்டம் இதுதான். நேர்சிங் ஹோம் துணி மூட்டைக்குள் மிஸ் சின்னச் சின்னக் கடதாசித் துண்டுகளைத் தைத்து அனுப்புவார். தண்ணீர் எழுபத்தைந்து பாகையில் பத்து நிமிடம் நின்றால் துண்டு கறுக்கும். நிற்காவிட்டால் வெள்ளையாகவே திரும்பும். அந்த மாதம் பாதித் துண்டுகள் வெள்ளையாகப் போயிருந்தன. கிறிஸ்மஸுக்கு முன் எல்லாம் கறுத்து வராவிட்டால் துணியை வேறு இடத்துக்குக் கொடுக்கச் சொல்லி மிஸ்ஸுக்கு மேலிருந்து உத்தரவு. நேர்சிங் ஹோம் போனால் லோன்றி நிற்காது. மிச்சம் இருந்ததெல்லாம் இரண்டு விருந்தினர் விடுதியும் ஒரு சலூனின் துவாய்களும்தான்.

இன்னொரு தடையும் இருந்தது. கட்டிடத்துக்கு வரும் மின்சாரம் மூன்று பேஸில் முப்பது அம்பியர். கூட்டித் தரச் சொல்லி விண்ணப்பம் போட்டு எட்டு மாதமாகியும் பதில் இல்லை. மெஷினை முழு வேகத்தில் விட்டு, உருளை அயனையும் போட்டால் பிரேக்கர் விழும். எல்லாம் நிற்கும்.

"விழுந்தா திருப்பிப் போடலாம்தானே?" என்றேன் முதல் நாள்.

"காலையிலேருந்து ஏழு தரம் போட்டாச்சு, தம்பி. இப்ப அதுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை."

இறக்குமதிக்காரருக்குப் போன் எடுத்தேன். "அய்யே, ஸ்பீட் எவ்வளவு வைக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டேன். "ஃபுல் ஸ்பீட் தான்ன, மல்லி," என்றார். முழு வேகத்தில் போடு, வேறு கதை இல்லை. அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

நான் என் அறிவுக்கு ஒரு கணக்குப் போட்டேன். தண்ணீரைத் தொடுவது மேலாள். அப்படியென்றால் வேகம் அவனுக்குத்தான் வேண்டும். கீழாளைக் குறைத்தால் அம்பியர் மிஞ்சும், அந்த மிச்சத்தை மேலாளுக்குக் கொடுக்கலாம். கீழாளை நாற்பதில் வைத்தேன், மேலாளைத் தொண்ணூறில் விட்டேன். பெட்டியிலிருந்து மேலாளுக்குப் போகும் நடுக் குழாயைப் பிடித்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் குளிர்ந்தது. பத்து நிமிடத்தில் வியர்த்துச் சொட்டியது. கைக்குச் சந்தோஷம்.

"சரி வந்திட்டுது, அக்கா," என்றேன்.

பிரேக்கர் விழவில்லை, அது உண்மை. ஆனால் தண்ணீர் அறுபத்தைந்தைத் தாண்ட மனமில்லாமல் ஏறியது. குழாய் குளிராக இருக்கும்போது பிழை இருக்க முடியாது என்று கை சொன்னதால், நான் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். காற்றாடியைக் கழற்றிக் கழுவினேன். சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் புதிதாகப் பஞ்சுறை சுற்றினேன். தண்ணீர்ப் பம்பை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் நடுக் குழாயைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் குளிரட்டும் என்று கீழாளை மேலும் குறைத்தேன். இப்படி ஒரு கிழமைக்கு மேல் போனது.

ஒரு வியாழக்கிழமை மிஸ் தானே ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு கடித உறை. அதிலிருந்து எட்டுத் துண்டுகளை உருளை அயனின் பலகையில் கொட்டினார். ஐந்து வெள்ளை.

"குறை நினையாதேங்கோ, அக்கா. வாற செவ்வாய் மட்டும் என்னாலே பொறுக்கேலும். அதுக்குப் பிறகு என்ர கையிலே இல்லை."

"செவ்வாய் எண்டா செவ்வாய்," என்றார் அக்கா. "நீங்க ஒரு பிளேன்டி குடிச்சிட்டுப் போங்க."

மிஸ் போன பின் அக்கா என்னைத் திட்டாமல் அயனுக்குத் திரும்பினார். அதுதான் சங்கடமாக இருந்தது. திட்டியிருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போயிருப்பேன். அப்படிப் பல இடங்களிலிருந்து போயிருக்கிறேன்.

அடுத்த நாள் மத்தியானம், போவதா இருப்பதா என்று முடிவு செய்யாமல் உருளை அயனுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஈரப் பெட்ஷீற்றை நேராக்கி உருளைக்குக் கொடுப்பார், மற்றவர் மறுபக்கம் காய்ந்து வருவதை வாங்கி மடிப்பார். அன்று கொடுத்தவள் கம்ப்ரசர்களுக்குப் பெயர் வைத்தவள். வாங்கியது அக்கா. மிஸ்ஸின் பேச்சு மனதில் இருந்ததாலோ என்னவோ, அக்கா துணி வர முன்பே அதன் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். துணி கோணிக்கொண்டு போனது, உருளைக்குள் சுருங்கியது, திரும்ப எடுத்து மறுபடி விட வேண்டி வந்தது.

"அக்கா, நான் குடுக்க முதல் ஏன் இழுக்கிறீங்க?" என்றாள் அவள். "நீங்க பறக்கிறதாலே என்ர கை ரெண்டாகுமா?"

"கெதியா முடிக்க வேணாமா?"

"இந்த ஒரு பெட்ஷீற் மூணாந்தரம் போகுது. இதுதான் கெதியா?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துவிட்டு மெதுவானார். துணி நேராக வரத் தொடங்கியது.

நான் எழும்பி, மெஷின் இருக்கும் பின்பக்கம் போனேன். உடனே எல்லாம் விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கீழாளின் வேலை என்ன என்று முதல் தடவையாக யோசித்தேன், அவ்வளவுதான். காற்றிலிருந்து எடுத்ததைக் காற்றை விட உயரத்துக்குக் கொண்டுவந்து வைப்பது. வெப்பமானியை எடுத்து வெளிக்காற்றில் பிடித்தேன். முப்பது பாகை. நடுக் குழாயில் கட்டிப் பார்த்தேன். பத்தொன்பது.

காற்றை விடப் பதினொரு பாகை கீழே. கீழாள் ஓடிக்கொண்டிருக்கிறான், ஆனால் சூட்டைப் பள்ளத்துக்கு இறக்கிக்கொண்டிருக்கிறான். மேலாள் அந்தப் பள்ளத்திலிருந்து எண்பது வரை தனியாகத் தூக்குகிறான். அவனுடைய வேகத்தைக் கூட்டக் கூட்ட, பெட்டியில் இருப்பதை வழித்தெடுத்து, அடுத்த தூக்கை இன்னும் ஆழத்திலிருந்து தொடங்குகிறான். என் கை அதைப் பிடித்துப் பார்த்து நல்லது, நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தது. குளிர் அறையில் அது நல்லதுதான். இங்கே அது பட்டினி.

அக்காவிடம் போய், "பிழை என்னிலேதான்," என்றேன். "ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க மெஷின் எனக்கு வேணும். தாங்கியை அஞ்சாறு தரம் சூடாக்கிப் பாக்கணும். சூடாக்கின தண்ணியை ஒவ்வொரு தரமும் திறந்து விடணும்."

"சுடுதண்ணியைச் சும்மா கானிலே ஓட விடுறதா?" அக்கா என்னைப் பார்த்த பார்வையில், அதுவரை செய்த பிழையெல்லாம் சின்னதாகிவிட்டது. பிறகு ஒழுங்கையை எட்டிப் பார்த்தார். "கிறிஸ்மஸ் வருது. ஒழுங்கை முழுக்க கேட்டின் கழட்டுற நேரம். கொண்டு வரச் சொல்லுறேன்."

கொட்டாஞ்சேனையில் டிசெம்பர் மாதம் வந்தால் வீடுகளுக்கு வர்ணம் பூசுவார்கள், கேட்டின் என்னும் திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்ப்பார்கள். அந்த ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் ஆட்கள் திரைச்சீலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். விறகுக் கரிக்காகச் சண்டை பிடித்த பக்கத்து வீட்டு அன்ரியும் வந்தார். கட்டணம் இல்லை என்று அக்கா சொல்லிவிட்டதால் சிலர் கார்ப் போர்வை, பாய்த் துணி என்று அதிகப்படியாகவும் கொண்டு வந்தார்கள்.

நான் ஒரு கொப்பியில் கோடு போட்டு வைத்திருந்தேன். கீழாள் வேகம், மேலாள் வேகம், வெளிக்காற்று, நடுக் குழாய், தாங்கி நாற்பதிலிருந்து எண்பதுக்குப் போக எத்தனை நிமிடம், எத்தனை யூனிட். யூனிட்டை மின்சார மீற்றரிலேயே பார்த்து எழுதினேன். தாங்கி சூடாகும் நேரத்தில் வேறு எதையும் ஓட விடாததால் அது சரியாக இருந்தது. துணியை அக்கா பச்சைத் தண்ணீர் கலந்து தோய்த்தார்.

விடிய ஐந்து மணிக்கு முதல் ஓட்டம், இரண்டும் தொண்ணூறில். தாங்கி வேகமாகச் சூடானது. பத்து யூனிட் போனது. இரண்டாவது, நான் செய்துவந்த மாதிரியே கீழாள் நாற்பது, மேலாள் தொண்ணூறு. எழுபதுக்கு மேல் ஊர்ந்தது. எண்பதை அது தொடவில்லை, பதினோராவது யூனிட்டில் நிறுத்திவிட்டேன். எழுதும்போது கை கூசியது, ஆனாலும் எழுதினேன்.

மூன்றாவதில் அவசரப்பட்டேன். பிழையின் மறுபக்கம் போனால் சரிவரும் என்று கீழாளைத் தொண்ணூறுக்கும் மேலாளை முப்பத்தைந்துக்கும் கொண்டுபோனேன். நடுக் குழாய் சூடாகிக்கொண்டே போனது, ஐம்பது, ஐம்பத்தைந்து, தொட முடியவில்லை. பிறகு டக் என்று ஒரு சத்தம். கீழாள் நின்றுவிட்டான். மேலே யாரும் வாங்காததால் அவன் தலையில் அழுத்தம் கூடி, பாதுகாப்புச் சுவிட்ச் வெட்டியிருந்தது.

சத்தம் நின்றதும் முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"செத்திட்டுதா?" என்றார் பக்கத்து வீட்டு அன்ரி. "என்ர கேட்டின் உள்ளுக்கு."

"இல்லை, அன்ரி. கீழாளுக்குக் கோபம். கொஞ்ச நேரத்திலே வருவான்."

"அண்ணே, ரெண்டு பேரையும் சேர்ந்து நடக்க விடுங்க," என்றாள் அயன் பண்ணும் பெண், வெள்ளைத் துணிகளைப் பிரித்தபடி. "ஒருத்தனைத் துரத்தி மற்றவனைக் கட்டி வச்சா?"

கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பப் போட்டேன். இந்த முறை நடுவிலிருந்து தொடங்கினேன். கீழாள் அறுபத்தைந்து, மேலாள் அறுபது. நடுக் குழாய் நாற்பத்தொன்றில் வந்து நின்றது. அங்கேயே நின்றது, ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. இரண்டு கம்ப்ரசரின் சத்தமும் ஒரே சத்தமாகக் கேட்டது. தாங்கி எண்பதைத் தொட, முதல் ஓட்டத்தை விட இருபத்தைந்து நிமிடம் கூட எடுத்தது. மீற்றரைப் பார்த்தேன். ஏழரை யூனிட்.

நம்பாமல் இன்னொரு தடவை ஓட்டினேன். அதற்குள் மத்தியான வெயில் வந்து காற்று முப்பத்தொன்றாகியிருந்தது. இந்த முறை ஏழு. காற்று சூடானதால்தான் குறைந்ததா என்ற சந்தேகத்தில், இரண்டையும் தொண்ணூறில் வைத்து அந்த வெயிலிலும் ஒரு ஓட்டம் விட்டுப் பார்த்தேன். ஒன்பதரை. வெயில் அரை யூனிட்தான் மிச்சம் பிடித்தது. மற்றதெல்லாம் வேகத்தின் வேலை. முழு வேகத்தில் ஓடும்போது பெட்டியும் தண்ணீர்ச் சுருளும் அவ்வளவு சூட்டைச் சுமக்க முடியாமல் திணறுகின்றன. அந்தத் திணறலுக்கும் நாங்கள் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கடைசி ஓட்டத்துத் தண்ணீரில்தான் யாரோ ஒரு சிவப்புத் திரைச்சீலையை வெள்ளைகளோடு போட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டு அன்ரியின் வெள்ளைத் திரைகள் ரோஸ் நிறத்தில் வந்தன. அன்ரி அதை விரித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"தண்ணி நல்லாத்தான் சுட்டிருக்கு," என்றார் அன்ரி. "நிறம் இப்பிடிப் பிடிச்சிருக்கே." அந்தக் கிறிஸ்மஸுக்கு அதையே ஜன்னலில் கொழுவினார்.

திங்கட்கிழமைதான் உண்மையான சோதனை. அந்த லோன்றியின் வழக்கம், காலை ஏழு மணிக்குத் தோய்க்கும் மெஷின் இரண்டையும் ஒன்றாக நிரப்புவது. பின்னேர மழைக்கு முன் மொட்டைமாடியில் எல்லாம் காய வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் போடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். "வெயில் என்ர சொல்லைக் கேக்குமா?" என்றார் அக்கா. சரி, சுடுதண்ணீர் மெஷின் மெதுவாக ஓடட்டும், ஆனால் முன்கூட்டியே ஓடட்டும் என்று முடிவு செய்தேன். நாலு மணிக்குத் தானாகத் தொடங்கும்படி நேரச் சுவிட்ச் ஒன்று பூட்டினேன்.

ஆறரைக்கு நான் போனபோது தாங்கி எண்பதில் நின்றது. ஏழுக்கு இரண்டு மெஷினும் தண்ணீர் எடுத்தன. எண்பது, எழுபத்தெட்டு. உருளை அயனைப் போட்டார்கள். நானும் அக்காவும் பிரேக்கருக்கு முன்னால் நின்றோம். அக்கா கழுத்துச் சிலுவையைப் பிடித்திருந்தார். நான் கிளாம்ப் மீற்றரைப் பிடித்திருந்தேன். இருபத்தைந்து அம்பியர். அயன் சூடேறும்போது இருபத்தேழு. அதற்கு மேல் போகவில்லை. பத்து நிமிடம் நின்றோம். பிறகு அக்கா, "சும்மா நிண்டா பெட்ஷீற் மடியாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய் பின்னேரம் மிஸ் வந்தார். அந்த இரண்டு நாள் மூட்டைகளையும் பலகையில் வைத்துத் தானே பிரித்தார். தையலை வெட்டித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பன்னிரண்டு. பன்னிரண்டும் கறுப்பு. கடைசித் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெள்ளை எங்கேயாவது ஒளிந்திருக்குமோ என்பது மாதிரி.

"என்ன செய்தனீங்கள்?" என்று என்னைக் கேட்டார்.

"வேகத்தைக் குறைச்சனான், மிஸ்."

"குறைச்சோ?"

"ஒருத்தன்ரயைக் குறைச்சு, மற்றவன்ரயைக் கூட்டினனான்."

மிஸ்ஸுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கொப்பியைக் கொடுத்தேன். என் கோணல் எழுத்தில் இருந்த ஓட்டங்களை மேலிருந்து கீழே விரலால் தொட்டு வாசித்தார். இரண்டாவது ஓட்டத்தில் விரல் நின்றது. "இது ஏன் இப்படி?" என்றார். "அது என்ர கை செய்தது," என்றேன். அவர் சிரிக்கவில்லை. தை மாதம் தொடக்கம் மேல்மாடி வார்ட் துணியும் வரும் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். அக்கா வாசல் வரை போய் வழியனுப்பினார். பிறகு உள்ளே வந்து, எல்லாருக்கும் கறுப்புக் கேக் வெட்டினார். கிறிஸ்மஸுக்கு முதல் வெட்டக் கூடாது என்று அதுவரை பூட்டி வைத்திருந்த கேக்.

நான் மெஷினின் கதவில் 65, 60 என்று பென்சிலால் எழுதினேன். அக்கா அழியாத கறுப்புப் பேனை ஒன்றைக் கொண்டு வந்து நீட்டினார்.

"பென்சில் அழிஞ்சிடும், தம்பி."

"அழியட்டும், அக்கா. இது டிசெம்பர்க் காத்துக்கு. விடியக் குளிராயிருக்கு. பங்குனி வெயிலுக்கு ரெண்டு பேரும் வேற நடை நடப்பாங்க. அப்ப ஓட்டிப் பாத்துத்தான் எழுதணும்."

"அப்ப பங்குனி வரைக்கும் இருப்பீங்க," என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. கேக் தட்டை என் பக்கம் தள்ளினார்.

அதை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன். பங்குனியில் ஓட்டிப் பார்த்தபோது 58, 60 என்று வந்தது. மழைக்காலத்துக்கு இன்னொன்று. அந்தக் கதவில் இப்போது அழித்தழித்து எழுதிய இடம் சாம்பல் நிறமாகிவிட்டது. வெள்ளவத்தை அறையை விட்டு, கொச்சிக்கடைப் பக்கம் ஒரு அறைக்கு வந்துவிட்டேன். இங்கே ரயில் இல்லை, கப்பல் ஊதும்.

காலையில் போனதும் நடுக் குழாயைத்தான் முதலில் பிடிக்கிறேன். இளஞ்சூடாக இருக்க வேண்டும், காய்ச்சல் விட்ட ஆளின் நெற்றி மாதிரி. பழைய பழக்கத்தில் கை இன்னும் ஒரு நொடி திடுக்கிடுகிறது. பிறகு அங்கேயே இருக்கிறது.